எழுத்தறியாதாரும் அய்யாவின் பிள்ளைகளே



கார்த்திகையில் சாமிதோப்புத் தலைமைப்பதியில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடப்பதை அறிவீர்கள். ஒருவர் ஏட்டை இராகத்தோடு வாசிக்கிறார். திரளான மக்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

1841-ல் அரிகோபாலன் சீடரைத் துயிலெழுப்பி அய்யா அருளியது அகிலத்திரட்டு. அது அச்சேறியதோ 1939-ல். அதுவரை பனையோலையில் இருந்தது. ஓலையில் இருந்ததைவிட மக்களின் செவியில் இருந்தது என்றே சொல்லலாம். பனையேறியும், அக்கானி காய்ச்சிய அவர் மனைவியும் கேட்டுக் கேட்டே அதை நெஞ்சில் ஏற்றினார்கள். அய்யாவின் சந்நிதியில் எழுத்தறியாமை ஒரு குறையன்று.

பதியின் வாசலைத் தாண்டினால் நிலைமை வேறு. அன்று திருவிதாங்கூரில் தலைக்கும் வரி, பனையேறும் ஏணிக்கும் வரி. ஓலையில் எழுதியது என்னவென்று வரி கொடுத்தவருக்குத் தெரியாது; எழுதினவன் சொன்னதே கணக்கு. அந்த ஆட்சி போய்விட்டது. கைநாட்டு போகவில்லை.

ஒரு தாங்கலில் உகப்படிப்புக்கு முதல் ஆளாக வந்து நிற்கும் தாய் ஒருவர் உண்டு. உச்சிப்படிப்பு முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் சொல்வார். கணவர் பனையிலிருந்து விழுந்து இறந்தபின், மகள் கல்யாணத்துக்காக உறவுக்காரர் ஒருவரிடம் பணம் வாங்கினார். கடன் பத்திரம் என்று சொல்லிப் பெருவிரலை உருட்டினார்கள். பதிவு அலுவலகத்தில் கேட்டதற்கெல்லாம், சொல்லிக்கொடுத்தபடியே "ஆமா" என்றார். சில வருடம் கழித்து, எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரன் அந்த நகலை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"பாட்டி, இதுல பெரை இடத்த வித்துட்டதால்லா எழுதியிருக்கு?"

"கடன்னுல்லா சொன்னாவ, மக்களே."

கலி கொம்பும் கோரைப்பல்லுமாக வருவதில்லை. வெற்றிலைத் தட்டோடும், சிரித்த முகத்தோடும், மை தடவிய பெட்டியோடும் வரும். இதை அந்தத் தாயின் விதி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் நம்மில் உண்டு. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவருக்கும் நன்றாகவே வாசிக்கத் தெரியும். அது யாருடைய விதி?

2011 கணக்கெடுப்பில், எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே குமரி மாவட்டம்தான் முதலிடம். பெருமைதான். ஆனால் நூற்றுக்கு எட்டுப் பேர் மிச்சம் இருந்தார்கள். பதியில் நமக்கு முன்னால் அமர்ந்து தலையாட்டிக் கேட்கும் வயதான தாய்மார் முகங்களைப் பாருங்கள். மாத்திரைச் சீட்டை நீட்டி "இது காலையிலயா, ராத்திரியா?" என்று அவர்கள் கேட்பது நம்மிடம்தான்.

முன்னாளில் நிழல்தாங்கல்களில் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். தாங்கல் என்ற பெயரே தாங்குவதால் வந்தது.

நிலம் போன வெட்கத்தில் அந்தத் தாய் தாங்கலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பணிவிடைக்காரர் வீடு தேடிப் போய் அழைத்து வந்தார். வழக்கு நடக்கிறது, இன்னும் முடியவில்லை. இப்போது அந்திப் படிப்பு முடிந்து இனிமம் வாங்கியபின், கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி அவருக்குச் சிலேட்டில் எழுத்துக் காட்டுகிறாள்.

முதல் நாள் அவள், "பாட்டி, மொதல்ல ஒங்க பேர எழுதுவோம்" என்றாள்.

"எம் பேரு எனக்குத் தெரியும் மக்களே. 'கிரயம்'னா எப்படி இருக்கும்? அத மொதல்ல எழுதிக் காட்டு."