தலைமையாசிரியர் தம் பிழையை ஒப்புக்கொள்ளலாமா?

பள்ளிக்கூடத்தின் தலைவராக அமர்பவருக்கு ஓர் ஆபத்து உண்டு. அவர் பிழை செய்தால் அதனை எடுத்துரைக்க அங்கு எவருக்கும் எளிதில் துணிவு வாராது. மாணாக்கர் அஞ்சுவர், உதவியாசிரியர் தயங்குவர், பெற்றோரோ, தம் பிள்ளைக்கு இடம் கிடைத்ததே போதுமென்று வாளாவிருப்பர். நாளடைவில், தமக்கு வந்த கோபமெல்லாம் மாணாக்கரின் குற்றமென்றும், தமக்கு வந்த சலிப்பெல்லாம் அவர்களின் மந்தபுத்தியென்றும் அவர் எண்ணத் தலைப்படுவார். இந்நிலையினின்றும் தம்மைக் காத்துக்கொள்ள அவர் எப்பழக்கங்களைக் கைக்கொள்ளல் வேண்டும்?

இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையால் விடை தந்தவர் டாக்டர் யானுஷ் கொர்ச்சாக். போலந்து நாட்டு வார்சா நகரில் 1912 முதல் யூத அனாதைக் குழந்தைகளின் இல்லமொன்றை, ஸ்டெபானியா வில்சின்ஸ்கா அம்மையாருடன் சேர்ந்து இவர் நடத்தினார். மருத்துவராதலின், வாரந்தோறும் குழந்தைகளை எடை பார்த்தும் உயரம் அளந்தும் குறித்து வைத்தார். ஒவ்வொரு குழந்தையும் வாரம் ஒருமுறையேனும் தலைவரின் கண்முன் தனியாக நின்றது. முடிவு கட்டுமுன் உற்று நோக்குவதே இவர்தம் முதற்பழக்கம்.

அவ்வில்லத்தில் குழந்தைகளே நீதிபதிகளாக அமர்ந்த மன்றமொன்றும் இருந்தது. அதன் சட்டத்தில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பதற்கோ வழக்கைத் தள்ளுவதற்கோ உரியவை. 100ஆம் பிரிவு முதலே கண்டனம் தொடங்கிற்று. அம்மன்றத்தின்முன் கொர்ச்சாக் ஆறு மாதத்தில் ஐந்து முறை தம்மையே குற்றவாளியாக நிறுத்தினார். ஒரு சிறுவனைக் காதில் அறைந்தமை, ஒருவனைப் படுக்கையறையினின்றும் வெளியேற்றியமை, ஒருவனை மூலையில் நிறுத்தியமை, நீதிபதி ஒருவரை அவமதித்தமை, ஒரு சிறுமியைத் திருடியென ஐயுற்றமை ஆகியவையே அக்குற்றங்கள்.

இவ்வாறு செய்யின் தலைவரின் மதிப்புக் குன்றாதோ எனச் சிலர் வினவுவர். சற்றே எண்ணிப் பார்ப்போம். வீணாகப் பழி சுமத்தப்பட்ட சிறுமி, ஆசிரியர் பிழை செய்தார் என்பதை அப்போதே அறிவாள். அவர் மறைப்பதால் அவ்வறிவு மறையாது. அவர் ஒப்புக்கொள்வதால் புதிதாக அவள் அறிவது ஒன்றே: அவரும் அதனை உணர்ந்தார் என்பது. எனவே, மறைப்பதால்தான் மதிப்புக் குன்றும், ஒப்புக்கொள்வதால் அன்று.

எனினும் இதிலும் நடுநிலை வேண்டும். நாள்தோறும் மன்னிப்புக் கேட்டு, மறுநாளும் அதே கையை ஓங்குவது வெறும் சடங்காகும். தம் மனவருத்தத்தை விரித்துரைத்து, ஆறுதல் கூறும் சுமையைக் குழந்தையின்மேல் ஏற்றுவதும் தகாது. தீங்குற்றவரிடமே, சில சொற்களில், நடத்தையை மாற்றும் உறுதியோடு கூறுதலே முறை.

இம்முறை நமக்குப் புதிதன்று. மழைக்கால வாசத்தின் முடிவில் பிக்குகள், தம்மிடம் கண்ட, கேட்ட, ஐயுற்ற குறைகளைக் கூறுமாறு சங்கத்தாரை வேண்டிக்கொள்வது பவாரணை எனப்படும். ததாகதரே தம் உடலாலும் வாக்காலும் நேர்ந்த குறை ஏதேனும் உண்டோவெனச் சங்கத்தாரை வினவியதாகப் பாலி நூல்கள் கூறுகின்றன. அவரே வினவினாரெனில், நம் பள்ளித் தலைவர்கள் வினவத் தயங்குவானேன்?

ஆதலின், பள்ளிகளில் பொறுப்பேற்கும் நம்மவர்க்குச் சிலவற்றைக் கூற விழைகின்றோம். காலையில் வாயிலில் நின்று பிள்ளைகளின் முகங்களை நோக்குக. சினம் எழுந்த பொழுதில் தண்டனை விதியாது, அடுத்த மணி அடிக்கும்வரை பொறுத்திருக்க. மாலையில், இன்று எவரைத் தவறாக எடைபோட்டோமென எண்ணி, ஒரு பெயரையேனும் ஏட்டில் எழுதுக. மறுநாள் அப்பிள்ளையிடமே முதலில் செல்க.

1942 ஆகஸ்டில் நாஜிகள் அவ்வில்லத்துக் குழந்தைகளைத் திரெப்ளிங்கா கொலைக்களத்திற்குக் கொண்டுசென்றபோது, தாம் தப்பிக்க வழியிருந்தும் கொர்ச்சாக் அவர்களைப் பிரியவில்லை; வில்சின்ஸ்கா அம்மையாரும் உடன் சென்றார். அத்தகைய சோதனை எவருக்கும் வாராதிருக்கட்டும். ஆயினும் ஒரு குழந்தையின்முன், ‘நான் செய்தது பிழை’ என்று கூறும் சிறிய சோதனை நம் ஒவ்வொருவர்க்கும் நாளையே வரக்கூடும். அதற்கு நாம் ஆயத்தமாயிருப்போமாக.