சுவரில் இல்லாத ஊர்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் 1784இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையைப் பார்க்க, மைசூரிலிருந்து ஒரு நாள் காலை பஸ் ஏறிப் போயிருந்தேன். காவிரியை ஒட்டிய தோட்டம். புல்வெளி, கத்தரித்து நிறுத்திய மரங்கள், நடுவில் நேரான பாதை. பாதையின் முடிவில், வெயில் படாமலிருக்கப் பச்சைத் தட்டிகள் தொங்கும் தாழ்ந்த கட்டடம். தட்டிக்குப் பின்னால் மேற்குச் சுவர் முழுக்கப் புள்ளலூர் யுத்தம்.

1780 செப்டம்பர் 10ஆம் தேதி, கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்து அழித்த காட்சி அது. சதுரமாக நெருங்கி நிற்கும் சிவப்புக் கோட்டுகள், வெடிக்கும் மருந்து வண்டி, பல்லக்கில் பெய்லி. திப்புவின் கையில் ஒரு ரோஜா, முகரும் பாவனை.

எனக்கு அது பிடித்தது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரே முகம், ஒரே குதிரைக் கால் என்று வரிசை வரிசையாக அடுக்கிய அந்த லயத்தில் வெட்டுண்ட தலைகளும் சேர்ந்துவிடுகின்றன. கூடவே, கம்பெனி தோற்கிறதே என்ற சந்தோஷம். இது ரசனை சார்ந்ததல்ல என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. அந்தச் சிவப்புக் கோட்டுக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லர்; இங்கே ஆள் எடுத்த சிப்பாய்கள்.

புள்ளலூர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. என் ஊரும் அந்தத் திசையில்தான். அந்த வருஷம் ஆற்காட்டு நவாபின் சீமைக்குள் இறங்கிய ஹைதரின் படை, எதிரிக்குத் தானியம் கிடைக்கக் கூடாதென்று கிராமங்களை எரித்துக்கொண்டே வந்தது. சுவரில் அந்த ஊர் இல்லை. வயல் இல்லை, கிணறு இல்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் இல்லை. அவர்களுக்கும் இடம் கொடுத்திருந்தால் லயம் குலைந்திருக்கும்.

1799இல் திப்பு வீழ்ந்த பிறகு இந்த மாளிகையில் தங்கியிருந்த ஆர்தர் வெல்லெஸ்லி படத்தைப் புதுப்பிக்கச் செய்தார். பின்னால், 1855இல் வந்த டல்ஹவுசியும் அதையே செய்தார். தம் தரப்பின் தோல்வியைக் காப்பாற்றியது பெருந்தன்மை போலத் தோன்றலாம். ஆனால் கடைசி வெற்றியைக் கையில் வைத்திருப்பவனை இடையில் வந்த தோல்வி எதுவும் செய்துவிடாது. சுவரிலேயே இல்லாதவர்களுக்கோ, யார் படத்தைப் புதுப்பித்தாலும் ஒன்றுதான்.

நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. கலை இதையெல்லாம் கடந்தது என்பார் ஒருவர். அரசனின் தம்பட்டத்தில் ரசிக்க என்ன இருக்கிறது என்பார் மற்றவர். இருவருமே சுவரை விட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடுகிறார்கள். என்னால் முடியவில்லை. காரணம், இதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் அம்மாவின் மரணத்தைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அம்மா படுக்கையில் கிடந்த ஆறு மாசமும் உடனிருந்து பார்த்துக்கொண்டவள் அக்கா. அவளிடம் வாசித்துக் காட்டினேன். “நல்லா இருக்குடா” என்றாள். பிறகு, “நான் அலசிப் போட்ட துணி ஒண்ணுகூட இதுல காணோமே” என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. கவிதை அப்படித்தான் இருக்கும்போல என்று அவளாகவே சமாதானம் செய்துகொண்டாள்.

ரசிப்பதைக் குற்றமென்று நான் நினைக்கவில்லை. ஆனால் ரசித்தவனுக்கு ஒரு கடன் உண்டு: இந்த ஒழுங்குக்காக யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று கேட்பது. சிருஷ்டிப்பவனுக்கு அந்தக் கடன் இன்னும் அதிகம். கேட்டுவிட்டால் கடன் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். எரிந்த ஊருக்கு என் கேள்வியால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

திரும்பும்போது தோட்டத்துப் புல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கவிதையில் துணிகளைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. சேர்த்தால் கவிதை கெட்டுவிடும் என்றும் தோன்றியது. இன்றுவரை அதை நான் திருத்தவில்லை. கெட்டுவிடும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அப்படி நினைக்கிறவன் எப்படிப்பட்டவன் என்பதுதான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது.