மூதாதையும் பங்காளியும்

நெசவுச் சமூகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆதி புருஷன் உண்டு. செங்குந்தருக்கு வீரபாகு முதலான நவவீரர், தேவாங்கருக்குத் தேவலர், பத்மசாலியருக்கு மார்க்கண்டேயர். ஆரணியில் பட்டுத்தறிச் சத்தத்தினூடே இத்தகைய கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். கூலிக்குப் பாவு வாங்கி நெய்கிறவன், முதலாளி வீட்டுத் திண்ணையோரம் நின்று கணக்குக் கேட்கிறவன், தன் வம்சத்தை தேவலோகத்தில் தொடங்கிக்கொள்வதைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியவில்லை. அது அவனுடைய நஷ்டஈடு. ஆனால் மேலே ஒருவரைத் தேடுகிறவன் கீழேயும் ஒருவரை நிறுத்திவிடுகிறான் என்பதையும் அதே தெருவில்தான் பார்த்தேன்.

விஞ்ஞானத்துக்கும் இந்த ஆசை இருந்திருக்கிறது. 1932இல் யேல் பல்கலைக்கழக மாணவர் எட்வர்ட் லூயிஸ், இன்றைய இமாசலப் பிரதேசத்து ஹரிதல்யாங்கரில் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்தார். 1934இல் அதற்கு ராமாபிதிகஸ் என்று பெயர். சிவாலிக் மலையின் வேறு துண்டுகளுக்கு சுக்ரீவன் பெயரும் பிரம்மன் பெயரும் கிடைத்தன. 1960களில் எல்வின் சைமன்ஸும் டேவிட் பில்பீமும் ராமாபிதிகஸை மனிதனின் ஆதி மூதாதை என்றார்கள். மனிதக் கிளை 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது என்பது பாடமாயிற்று.

கிடைத்தவை பக்கவாட்டுத் துண்டுகள்தாம். தாடையின் நடுப்பகுதி இல்லை. துண்டுகளை வளைவாக வைத்தால் மனிதச் சாயல். நேராக விரித்து வைத்தால் குரங்குச் சாயல். வளைத்தே வைத்தார்கள். தறியில் இழை அறுந்தால் எதோடு எதைப் பிணைக்க வேண்டும் என்பதற்கு மறுமுனை சாட்சி. இங்கே மறுமுனை கிடையாது. அந்த வெற்றிடத்தை ஆசை நிரப்பிற்று. மோசடி என்று சொல்ல முடியாது. எதிர்பார்த்ததைக் கண்கள் கண்டன, அவ்வளவுதான்.

1967இல் சாரிச், வில்சன் இருவரும் ரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து ஐம்பது லட்சம் ஆண்டுகள்தாம் ஆகியிருக்கும் என்றார்கள். எலும்பை நம்பியவர்கள் ஏற்கவில்லை. பிறகு பாகிஸ்தானின் பொட்வார் பீடபூமியில் ஒரு முகமே கிடைத்தது. 1982இல் அதை விவரித்து வெளியிட்டவர் அதே பில்பீம். அது சிவாபிதிகஸின் முகம், ஒராங்குட்டானின் சாயல். ராமாபிதிகஸ் தனி இனமல்ல, சிவாபிதிகஸ்தான் என்றாயிற்று. ராமன் சிவனுக்குள் அடங்கினான். நமக்கு மூதாதை போய், ஒரு தூரத்துப் பங்காளி மிஞ்சினான்.

குளம்புள்ள விலங்குகளின் கதையும் இங்கேயே வந்து முடிகிறது. ஜம்மு பக்கம் காலாகோட்டில் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்த பற்களையும் தாடைத் துண்டுகளையும் வைத்து, 1971இல் இந்தோஹியஸ் என்ற விலங்கு பெயர் பெற்றது. அவர் சேர்த்த கற்களில் பல உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி அவற்றை ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனிடம் கொடுத்தார். மண்டையோடு ஒன்று தவறுதலாக உடைந்தபோது, காது எலும்பின் உட்சுவர் தடித்திருப்பது தெரிந்தது. அது திமிங்கிலத்துக்குரிய அடையாளம். மான் சாயலுள்ள, பூனையளவே ஆன அந்தப் பிராணியைத் திமிங்கிலத்தின் பாட்டன் என்று சொல்லிவிட யாருக்கும் ஆசை வரும். 2007இல் வெளிவந்த ஆய்வு அவ்வளவு தூரம் போகவில்லை. திமிங்கிலங்களுக்கு மிக நெருங்கிய பங்காளிக் கிளை என்றதோடு நின்றது.

இந்த நிதானம் ராமாபிதிகஸ் காலத்தில் இல்லை. ஓர் எலும்பு யாருக்கு உறவு என்று கல் சொல்லும்; அதன் வயிற்றில் யார் பிறந்தார் என்று சொல்லாது. மூதாதை என்பது பெரும்பாலும் நாம் கல்லின் மீது ஏற்றுகிற தேவை.

ஆரணிக்கு அடியிலிருக்கும் பாறை எலும்புள்ள உயிர்கள் தோன்றுவதற்கு மிக முந்தியது. அதில் யாருடைய பாட்டனும் இல்லை. எனக்கு அது ஆறுதலாகவே இருக்கிறது. நவவீரரை விட்டுவிடு என்று நெசவாளியிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவனிடம் இருப்பதே கொஞ்சம். ஆனால் கேட்கலாம்: ஒராங்குட்டானைப் பங்காளியாக ஒப்புக்கொள்ள முடிந்த நமக்கு, தெருவுக்கு வெளியே நிற்கிறவனை ஒப்புக்கொள்வதில் என்ன தடை? பெருமை கொடுப்பதோடு மூதாதையின் வேலை முடிந்துவிடுகிறது. பங்காளி வீட்டுச் சாவுக்கு நமக்கும் தீட்டு. சொத்திலே அவனுக்கும் பங்கு. தடை அங்கேதான் இருக்கிறதோ என்னவோ.