ஜெபிக்கக் கற்றுத் தருவார் யார்?

‘ஜெபம் செய் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சுவாமிஜி. எப்படிச் செய்வது என்று ஒருவரும் சொல்வதில்லை.’ கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஒரு கல்லூரி மாணவன் என்னிடம் இவ்வாறு கூறினான். அவன் குரலில் ஏளனம் இல்லை, ஏக்கமே இருந்தது. கண்ணை மூடினால் தேர்வும் வீட்டுக் கவலையும்தான் முன்னே வந்து நிற்கின்றன, ஆகவே ஜெபத்தையே விட்டுவிட்டேன் என்றான்.

கேள்வி புதிதல்ல. இயேசுநாதர் ஓரிடத்தில் பிரார்த்தித்து முடித்ததும் சீடர் ஒருவர் இதையே வேண்டி நின்றதாக லூக்கா நற்செய்தியின் 11-ஆம் அதிகாரம் கூறுகிறது. ஜெபத்தின் மகிமையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றி அவர் தொடங்கவில்லை. சில வரிகளே கொண்ட பிரார்த்தனை ஒன்றை முதலில் கையில் கொடுத்தார். விளக்கமும் உவமையும் பின்னரே வந்தன. கற்றுக்கொடுப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் தெய்சே என்னும் சிற்றூர் உள்ளது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சகோதரர் ரோஜர் 1940-இல் அங்கு குடியேறினார். அவரைச் சுற்றி உருவான துறவியர் குழுவை நாடிக் கோடைதோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வருகின்றனர். 2005-இல் மாலைப் பிரார்த்தனையின்போதே அவர் கொலையுண்டார். அதன் பிறகும் அவர்கள் வருவது நிற்கவில்லை. நாள்தோறும் மூன்று வேளை மணி ஒலிக்கும். பெரும்பாலோர் தரையில் அமர்வர். ஓரிரு வரிப் பாடல் திரும்பத் திரும்பப் பாடப்படும். பல மொழியினர் கூடும் இடத்திற்கு ஏற்ற எளிய ஏற்பாடு அது. ஆனால் சொல் உதட்டிலிருந்து மெல்ல உள்ளே இறங்குவதை நாமஜபம் பழகியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிறகு சில நிமிடங்கள் முழு மௌனம். இளைஞர்களுக்கு மௌனம் பிடிக்காது என்று நாமாகவே முடிவு செய்துவிட்டோம். யாரும் அவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

லொயோலா இக்னேசியார் வகுத்த முறை ஒன்றும் உண்டு: நாளின் இறுதியில் நன்றி கூறி, கழிந்த பொழுதை இறைவன் முன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, தவறியதற்கு மன்னிப்பு வேண்டுதல். மாணவர்களுக்கு இது எளிதில் கைவரும்.

ஆனால் அந்த மாணவனுக்கு நான் சொன்னது சகோதரர் லாரன்ஸின் கதையை. போர்வீரராக இருந்து காயமுற்றுக் கால் ஊனமானவர். 1640-இல் பாரிஸில் கார்மல் சபை மடத்தில் சேர்ந்தார். சமையலறையில் வேலை கொடுத்தார்கள். அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது! ஆயினும் பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும் இறைவனோடு பேசிக்கொண்டிருக்கப் பழகினார். பழக்கம் எளிதில் வரவில்லை. முதல் பத்து ஆண்டுகள் மிகவும் துன்புற்றதாக அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். மனம் ஓடியதை அறிந்ததும் அதற்காகக் கலங்கி நேரத்தைப் போக்காமல், அமைதியாக அதைத் திருப்பி அழைத்துக்கொள்வதே அவர் வழி.

‘பத்து ஆண்டுகளா!’ என்று அவன் சிரித்தான்.

‘நீ எத்தனை நாள் முயன்றாய்?’ என்று கேட்டேன். பதில் இல்லை. புறப்படும்போது, சங்கீதப் புத்தகத்திலிருந்து தானே தேர்ந்தெடுத்த ஒரு வரியை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.