கம்பு நின்ற இடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை வடக்குத்து என்ற ஊரில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். முந்திரித் தோப்பை ஒட்டிய செம்மண் திடலிலிருந்து 'விர்... விர்...' என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் கம்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள். சிலம்புதல் என்றால் ஒலித்தல். அந்த ஒலிதான் சிலம்பத்துக்குப் பெயர் தந்தது என்பார்கள். காட்டு வழி நடந்தவர்களும் ஆடு மாடு மேய்த்தவர்களும் விலங்குக்கு அஞ்சி எடுத்த கம்பே கலையாக வளர்ந்தது என்றும் சொல்வார்கள்.

ஓரத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் வெறுங்கையோடு காலடி வரிசை போட்டுக்கொண்டிருந்தான். முகம் வாடியிருந்தது.

"மாஸ்டர், ரெண்டு மாசமா இதையே பண்றேன். எப்ப அடிக்கச் சொல்லித் தருவீங்க?"

மாஸ்டர் பெரிய மாணவர்கள் இருவரைக் கூப்பிட்டார். ஒருவருடைய கம்பின் நுனியில் திருநீற்றைக் குழைத்துத் தடவினார். "ம், விளையாடுங்க!" மூங்கிலோடு மூங்கில் மோதியது. கண் மூடித் திறப்பதற்குள் எதிராளியின் நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு. கம்பு அங்கேயே நின்றது. பொட்டு வாங்கியவர் சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டார். தோல்கூடச் சிவக்கவில்லை.

"பாத்தியா தம்பி? அந்தக் காலத்துப் போட்டியில பொட்டை எண்ணித்தான் ஜெயிச்சது யாருன்னு சொன்னாங்க. இன்னும் ஒரு விரக்கடை இறங்கியிருந்தா மண்டை பொளந்திருக்கும். அடிக்க யாராலயும் முடியும். தொட்டுட்டு நிறுத்தணும்னா காலு ஊணி நிக்கணும். அதுக்குத்தான் இந்த ரெண்டு மாசம்."

பையன் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடி காலடி வைக்கத் தொடங்கினான்.

வேலியோரம் நின்ற பெற்றோர் சிலரின் பேச்சும் காதில் விழுந்தது. 'சர்டிபிகேட் எப்பக் கிடைக்கும்?' கேட்பதற்குக் காரணம் உண்டு: அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. எனக்கும் பெருமைதான். அதற்காகக் கால் ஊன்றுவதற்கு முன்பே சான்றிதழைக் கேட்டு மாஸ்டரை அவசரப்படுத்தலாமா? நிறுத்தத் தெரியாதவன் கையில் இருப்பது வெறும் தடி. அடக்கத் தெரிந்த கைக்குத்தான் அது சிலம்பம்.

இந்த வாரம் உங்கள் பிள்ளை திடலிலிருந்து திரும்பியதும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நினைத்த இடத்தில் கம்பு நின்றதா?