கருவில் இருப்பதை அறியலாமா?

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கேட்கப்படும் மஸ்அலாவுக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது என்பதை ஒரு குடும்பத்தின் வழியாக நான் கற்றுக் கொண்டேன். மதரஸாவில் ஸனது பெற்று வெளியே வந்து, ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் இமாமாகப் பொறுப்பேற்றிருந்த புதிது. ஒருவர் வந்து அருகில் உட்கார்ந்தார். "வீட்டில் முழுகாமல் இருக்கிறார்கள் ஹஜ்ரத், இரண்டரை மாதம் ஆகிறது. மூத்தவனுக்கு இரத்தத்தில் ஒரு நோய். வயிற்றில் இருப்பதற்கும் அது உண்டா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறதாம். செய்து கொள்ளலாமா?" என்று கேட்டார்.

நான் நோயின் பெயரைக் கூடக் கேட்கவில்லை. லுக்மான் அத்தியாயத்தின் இறுதி ஆயத்தை ஓதிக் காட்டினேன். கருவறைகளில் உள்ளதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே, அவன் மறைத்து வைத்ததைத் துழாவுவானேன், தவக்குல் வையுங்கள் என்று சொல்லி அனுப்பி விட்டேன். அவரும் தலையசைத்து எழுந்து போனார்.

பெண் குழந்தை பிறந்தது. எட்டாவது மாதத்தில் முகம் வெளிறத் தொடங்கியது. அதற்கும் அதே நோய். இன்று அண்ணனும் தங்கையுமாக இருவரையும் அழைத்துக் கொண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை அவர் காலை முதல் பஸ்ஸில் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார். என்னைக் கண்டால் முந்திக் கொண்டு ஸலாம் சொல்வார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அந்தப் பிள்ளை பிறந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை; அல்லாஹ் காப்பானாக! என் மக்தபில் அலிஃப் பே படிக்கிற பிள்ளை அது. ஷரீஅத் திறந்து வைத்திருக்கிறதா, மூடி வைத்திருக்கிறதா என்று பார்க்காமலேயே ஒரு கதவை நான் சாத்தினேனே, அதைத்தான் சொல்கிறேன்.

அந்த நோயின் பெயர் தலசீமியா. தாயிடமும் தந்தையிடமும் அதன் கூறு ஒளிந்திருக்கும். அவர்கள் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். கொஞ்சம் சோகை போலத் தெரியலாம், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பி விடுவார்கள். இப்படிக் கூறுள்ள இருவர் மணமுடித்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தை முழு நோயோடு பிறப்பதற்கு. முதல் பிள்ளைக்கு வந்து விட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள், அது தவறு. ஒவ்வொரு முறையும் அதே நாலில் ஒன்றுதான். நோயுள்ள குழந்தைக்கு ஆயுள் முழுவதும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்றத் தனி மருந்து. ஒழுங்காக மருத்துவம் கிடைத்தவர்கள் வளர்ந்து, தொழில் செய்து, மணமுடித்து வாழ்கிறார்கள். கிடைக்காதவர்கள் சிறு வயதிலேயே மவுத்தாகி விடுகிறார்கள்.

இனி, நான் ஓதிக் காட்டிய ஆயத்துக்கு வருகிறேன். ஆயத்து ஹக், நான் அதை வைத்த இடம்தான் பிழை. அல்லாஹ்வின் அறிவு கருவியின்றி, காலமின்றி, முழுமையாக அறியும் அறிவு. பிறக்கப் போகிறவரின் ரிஜ்கு என்ன, ஆயுள் என்ன, அவர் நற்பாக்கியசாலியா துர்ப்பாக்கியசாலியா என்பதெல்லாம் அதில் அடங்கும். நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்து மருத்துவர் சொல்வது, கண்ணுக்கு முன் உள்ளதைச் சொல்வதேயன்றி மறைவானதைச் சொல்வதல்ல. சந்திர கிரகணம் எத்தனை மணிக்கு என்று காலண்டரில் அச்சடித்துப் பள்ளிவாசல் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதைப் பார்த்துத்தான் கிரகணத் தொழுகைக்கு ஏற்பாடு செய்கிறோம். இல்முல் கைபில் கை வைத்து விட்டோம் என்று யாரும் சொல்வதில்லையே!

தவக்குலும் அப்படியே. ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியபோது பாதி வழியில் திரும்பிய உமர் (ரளி) அவர்களிடம், அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரளி) அவர்கள் கேட்டார்கள். ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்குத்தான் போகிறோம் என்ற பொருளில் கலீஃபா அவர்கள் விடையளித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டி விட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது.

ஆகவே அறிவது ஹராமல்ல. கஷ்டமான கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அறிந்த பின் என்ன செய்வது?

கரு ஷரீஅத்தில் ஒன்றுமில்லாத பொருளல்ல. ஹுதைல் கோத்திரத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டு, ஒருத்தி எறிந்த கல்லால் மற்றவளின் வயிற்றுச் சிசு இறந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அந்தச் சிசுவுக்காகவும் நஷ்டஈடு விதித்தார்கள். தந்தை மவுத்தானால் கருவிலிருக்கும் பிள்ளைக்காகப் பங்கை நிறுத்தி வைத்துத்தான் சொத்தைப் பிரிக்கிறோம். இந்த மதிப்பை மனத்தில் வைத்துக் கொண்டே ஃபுகஹாக்கள் பேசியிருக்கிறார்கள். ரூஹு ஊதப்பட்ட பின் கருவைச் சிதைப்பது ஹராம் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. தாயின் உயிர் போகும் என்ற நிலை மட்டும் தனி மஸ்அலா. இப்னு மஸ்ஊத் (ரளி) அவர்களின் ஹதீஸை வைத்து அந்தக் காலம் நூற்றிருபது நாள் என்பது பெரும்பாலோர் கொண்டது. அதற்கு முந்தி? ஹனஃபிகளில் பலர் தக்க காரணம் இருந்தால் அனுமதித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதித்தவர்களும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ இஹ்யாவில், கரு தரித்த நாள் முதலே அது குற்றம், நாள் ஏற ஏறக் குற்றமும் ஏறும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார்கள். மாலிகீகள் மிகவும் கடுமையானவர்கள். நாற்பது நாளே எல்லை என்போரும் உண்டு.

தக்க காரணம் என்பதற்கு ஹனஃபீ நூல்கள் தரும் உதாரணம் ஒன்று என்னை வெகுநாள் சிந்திக்க வைத்தது. இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் ரத்துல் முஹ்தாரில் அது இருக்கிறது. கைக்குழந்தை பால் குடித்துக் கொண்டிருக்கும்போது தாய் மீண்டும் கருவுறுகிறாள். பால் வற்றி விடுகிறது. பாலூட்டும் செவிலியை அமர்த்தத் தந்தைக்கு வசதியில்லை. கைக்குழந்தை அழிந்து விடுமோ என்ற அச்சம். கவனியுங்கள்: வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற குர்ஆனின் தடையை அந்த இமாம்கள் அறியாதவர்களல்ல. இங்கே காரணமாக நிற்பது வறுமையல்ல, ஏற்கனவே பிறந்து மடியில் கிடக்கிற ஓர் உயிர். நான் திருப்பி அனுப்பினேனே, அவர் வீட்டிலும் அப்படியொரு பிள்ளை கிடந்தது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

நம் காலத்து உலமாக்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹு சபை 1990 பிப்ரவரியில் கூடி ஒரு முடிவு கண்டது. நூற்றிருபது நாள் கடந்து விட்டால், குறையுள்ள சிசு என்பதற்காகக் கலைக்கக் கூடாது. அதற்குள் என்றால், நம்பகமான நிபுணர் குழு சோதனைகள் மூலம் ஆராய்ந்து, குறை கடுமையானது, தீர்க்க முடியாதது, பிறந்தால் அதன் வாழ்வே குழந்தைக்கும் குடும்பத்துக்கும் வேதனையாகும் என்று உறுதி செய்து, பெற்றோரும் கேட்டுக் கொண்டால் மட்டும் கலைக்கலாம். இது ருக்ஸத், கட்டளையல்ல. பொறுத்துக் கொண்டு பெற்றெடுக்கிறவளுக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ருக்ஸத்தை எடுத்துக் கொண்டவளைப் பாவி என்று தெருவில் பேசுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

நாள் கணக்கில்தான் நம் வீடுகள் ஏமாந்து போகின்றன. டாக்டர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து வாரம் எண்ணுகிறார்கள். கரு தரிப்பது சுமார் இரண்டு வாரம் கழித்து. ஷரீஅத்தின் நூற்றிருபது நாள் கரு தரித்ததிலிருந்து. ஆக, டாக்டர் சீட்டில் 19 வாரம் என்று எழுதும்போது நமது எல்லை ஏறக்குறைய முடிந்து விடுகிறது. நஞ்சுக்கொடித் துணுக்குச் சோதனையை 11-வது வாரத்தில் செய்யலாம். முடிவு வர ஒன்றிரண்டு வாரம். அப்போதும் ஐந்தாறு வாரம் கையில் இருக்கும். பனிக்குட நீரை எடுக்கும் சோதனையோ 15-வது வாரத்துக்குப் பிறகுதான். முடிவு வருவதற்குள் எல்லை நெருங்கி விடும். இருபதாவது வாரத்து ஸ்கேனில் ஏதோ தெரிகிறது என்று அழுது கொண்டு வருகிறவர்களுக்கு, தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தாலன்றி, எந்த முஃப்தியிடமும் இடமில்லை. நம் நாட்டில் 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் சிலருக்கு 24 வாரம் வரையும், கடுமையான குறை என்று மருத்துவக் குழு சொன்னால் அதற்கு மேலும் இடம் தருகிறது. சட்டம் இடம் தந்து விட்டது என்பதால் ஷரீஅத்தும் இடம் தந்து விட்டதாகக் கொள்ள வேண்டாம். நாற்பது நாளே எல்லை என்ற கூற்றைப் பின்பற்றுகிறவர்களுக்கு இந்தச் சோதனைகள் எதுவுமே காலத்துக்குள் வராது; அவர்கள் அதை முன்னமே தெரிந்து கொள்வது நல்லது.

எனக்குத் தோன்றுகிற ஒன்றையும் சொல்லி விடுகிறேன். எந்த முடிவு வந்தாலும் பெற்றெடுப்பேன் என்று உறுதி கொண்டவள், கருவுக்கருகே ஊசி செலுத்தும் சோதனைக்குப் போக வேண்டியதில்லை. அதனால் கரு கலையும் அபாயம் சொற்பம்தான், தேர்ந்த கைகளில் நூறில் ஒன்றுக்கும் குறைவு; என்றாலும் பயனில்லாத அறிவுக்காக அந்தச் சொற்பத்தையும் ஏன் ஏற்க வேண்டும்? பிறந்த பின் குழந்தையின் இரத்தத்தைப் பார்த்தே தெரிந்து கொள்ளலாம்.

எந்தக் குறைக்கு இந்த ருக்ஸத் என்பதில்தான் என் மனம் மிகவும் அஞ்சுகிறது. உதடு பிளந்திருக்கும், காது கேட்காது, கை சூம்பியிருக்கும் என்பதற்கெல்லாம் இதை நீட்டினால் நாம் எங்கே போய் நிற்போம்? தாபியீன்களில் மக்காவின் முஃப்தியாக விளங்கிய அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்கள் ஒரு கண் பார்வையற்றவர்கள், கை செயலற்றவர்கள், கால் ஊனமுற்றவர்கள். முதுமையில் இரு கண்ணும் போயின. ஹஜ்ஜின் மஸ்அலாக்களுக்கு உம்மத்தே அவர்களிடம் போய் நின்றது. பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரளி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் தமக்குப் பகரமாக விட்டுச் சென்றிருக்கிறார்கள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பற்றி இன்று அதிகம் கேட்கிறார்கள். அவர்களில் பலர் சிரித்து, பாசம் காட்டி, வீட்டுக்கு வேலை செய்து வாழ்கிறார்கள். அந்த வாழ்வு அவர்களுக்கே வேதனை என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. தலசீமியாவில் கூட, நல்ல மருத்துவம் எட்டுகிற வீட்டுக்கும் எட்டாத வீட்டுக்கும் ஒரே ஃபத்வா கொடுக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே. பெண் சிசு என்பதற்காகக் கலைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது ஜாஹிலிய்யாவின் குழியே. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுத்திருக்கிறது. பரம்பரை நோய்க்கான சோதனையைக் கூட, கர்ப்பிணி எழுத்தில் சம்மதித்தால்தான் செய்யலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பெண்ணிடம் நான் பேசவேயில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. சுமப்பவள் அவள், கேள்வி கேட்டவர் புருஷன், விடை சொன்னவன் நான்.

நிகாஹுக்கு முந்தியே பார்த்து விட்டால் இந்தத் துயரத்தில் பெரும்பகுதி குறையும். மணமகன், மணமகள் இருவருக்கும் ஓர் எளிய இரத்தப் பரிசோதனை. இருவரிடமும் கூறு இருந்தால்தான் கவலை. மாமன் மகளை, மாமி மகனை முடிப்பது நம்மிடம் வழக்கம்; அது ஹலால்தான், ஆனால் ஒரே பாட்டனின் கூறு இருவரிடமும் வந்து சேர வாய்ப்பு அதிகம். சவூதியில் 2004 முதல் இந்தச் சோதனை இல்லாமல் நிகாஹ் பதிவு இல்லை. முடிவு எதுவானாலும் மணமுடிப்பது அவர்கள் விருப்பம். ஈரானில் 1997-லேயே கட்டாயமாக்கினார்கள். அவர்கள் ஷீஆக்கள், அவர்களது ஃபிக்ஹு வேறு. ஆனாலும் அனுபவம் பாடமாகும். கூறு இருக்கிறதென்று தெரிந்த பிறகும் பல ஜோடிகள் பிரிய மனமில்லாமல் மணமுடித்தார்கள். கருவிலே பார்ப்பதற்கு வழி தேவைப்பட்டது. அங்குள்ள மார்க்க அறிஞர்கள் ரூஹு ஊதப்படுமுன் இடம் உண்டென்றார்கள். 2005-ல் நான்கு மாதம் என்ற எல்லையோடு சட்டமும் வந்தது. 2021-ல் பிள்ளைப்பேற்றைப் பெருக்க வந்த சட்டத்தால் அதை மறுபடி இறுக்கி விட்டார்கள். நமது ஜமாஅத்துகள் நிகாஹுக்குத் தடையில்லாச் சான்று கேட்கும்போது இந்தச் சோதனைச் சீட்டையும் பார்த்து வைத்தால் என்ன? வைக்கலாம், ஆனால் சீட்டில் உள்ளது செயலாளரின் வீட்டைத் தாண்டக் கூடாது. பெண் பிள்ளைக்குத்தான் பேர் கெட்டுப் போகும்.

இப்போதெல்லாம் யாராவது கேட்டு வந்தால், முதலில் நோயின் பெயரையும் கடைசியாகத் தலை முழுகிய தேதியையும் கேட்கிறேன். மருத்துவர் எழுதிய சீட்டை வாங்கி வரச் சொல்லி, அந்த வாரத்துக்குள்ளேயே அனுபவமுள்ள முஃப்தி ஒருவரிடம் கணவன் மனைவி இருவரையும் அழைத்துப் போகிறேன். சொந்தமாக ஃபத்வா கொடுப்பதில்லை.

அந்த அண்ணன் தங்கைக்கு ரமலானில்தான் மிகவும் திண்டாட்டம். நோன்பு முறிந்து விடும் என்று பயந்து நம் வாலிபர்கள் இரத்தம் கொடுக்க வர மாட்டார்கள். ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும், இரத்தம் குத்தி எடுப்பதால் நோன்பு முறிவதில்லை. நோன்பை முடிக்க முடியாதபடி பலவீனம் வரும் என்றிருந்தால் மட்டும் மக்ரூஹ். பகலில் தயக்கமாக இருந்தால் தராவீஹுக்குப் பிறகு கொடுக்கலாம். சென்ற ரமலானில் இதை மிம்பரில் சொன்னேன். ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள்.