ரசனையின் சாட்சி

படித்து இன்புறத் தக்க நூல் எது என்று ஒருவர் மற்றொருவரைக் கேட்பது அற்பமான கேள்வியாகத் தோன்றலாம்; ஆனால் விடை சொல்லுகிறவரின் வாக்கை நம்பி, கேட்டவர் தம் வாழ்நாளில் பல மணி நேரத்தை அந்த நூலுக்குக் கொடுக்கப் போகிறார் என்பதை எண்ணும்போது, ஒரு நூலைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுவது எவ்வளவு பொறுப்பு வாய்ந்த காரியம் என்பது விளங்கும்.

நூல்கள் அரிதாயிருந்த காலத்தில் இந்தப் பொறுப்பு இவ்வளவு கனத்ததில்லை. 1901ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவி, பாண்டியன் புத்தகசாலையையும் ஏற்படுத்தியபோது, நூல் கிடைப்பதே பாக்கியம் என்று எண்ணியவர்கள் பலர். அண்மைக் காலம் வரை புதுமண்டபத்துத் தூண்களின் நடுவே பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையைக் கையில் எடுத்துப் புரட்டியவர்களும், கிடைத்ததைக் கொண்டு திருப்தியடைந்தார்கள். இன்றோ தமுக்கத்துப் புத்தகத் திருவிழாவில் கடை கடையாக நடந்து கால் ஓய்ந்தாலும் பார்த்து முடிவதில்லை. 2023 ஜூலை 15 அன்று நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமோ லட்சக்கணக்கான நூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு வாசகனை வரவேற்கிறது. இத்தனை செல்வத்தின் நடுவே நின்று எதை எடுப்பது என்று திகைக்கும் மனம், பரிசு பெற்ற நூல், பலரும் வாங்கும் நூல், பெரியவர் புகழ்ந்த நூல் என்று பிறர் நிர்ணயத்தின் நிழலில் ஒதுங்கிவிடுகிறது.

இந்தத் திகைப்புக்கு மருந்து மதுரையின் பழங்கதை ஒன்றிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். இறையனார் களவியல் உரையின் தொடக்கத்தில் வரும் கதை அது. பாண்டி நாட்டைப் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வாட்டி, மழை பெய்து நாடு தெளிந்தபின், பொருள் இலக்கணம் வல்லார் ஒருவரும் அகப்படாமல் அரசன் கவன்றான் என்றும், அவன் கவலை தீர ஆலவாய் இறைவனே அறுபது சூத்திரங்களை இயற்றி அருளினான் என்றும் ஐதிகம். சங்கப் புலவர்கள் அந்த நூலுக்கு ஆளுக்கோர் உரை கண்டு, தத்தம் உரையே மெய்யுரை என்று நின்றபோது, அவர்களுக்கு நடுவனாக வாய்த்தவன் உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுப் பிள்ளை; அதுவும் வாய் பேசாத பிள்ளை. புலவர்கள் ஒவ்வொருவராக உரை சொல்ல அவன் அசைவின்றி இருந்தான். மருதன் இளநாகனார் சொன்னபோது சிற்சில இடங்களில் அவன் கண்கள் நீர் சொரிந்தன. நக்கீரர் சொன்னபோதோ, சொல்லுக்குச் சொல் கண் நிறைந்து உடல் புளகித்தான். அதுவே தீர்ப்பாயிற்று.

தமிழ்ச் சங்கம் அறிவின் பேரவை. ஆயினும் அங்கே இறுதிச் சாட்சி சொல்ல வந்தது, புகழுக்கும் பதவிக்கும் கட்டுப்படாத ஒரு குழந்தையின் மெய்ப்பாடு. இந்தக் கதையில் என் மனத்தை அதைவிட ஆழமாகத் தொடுவது இளநாகனாருக்குக் கிடைத்த நீதி. முதன்மை பெறாத உரை என்று அவர் உரையை அந்தப் பிள்ளை முழுவதும் புறக்கணிக்கவில்லை; உள்ளம் கனிந்த இடங்களில் கனிந்து, மற்ற இடங்களில் வாளாவிருந்தான். நூலைப் பற்றிய நேர்மையான அபிப்பிராயம் இப்படித்தான் இருக்க வேண்டும். நன்று, தீது என்ற ஒற்றைச் சொல்லால் பிறருக்குப் பயன் இல்லை. எந்த இடத்தில் உள்ளம் உருகியது, எந்த இடத்தில் ஓய்ந்தது என்பதைச் சொன்னால்தான், கேட்பவர் அந்த நூல் தமக்கு உரியதா என்று நிதானிக்க இயலும்.

அண்மையில் நான் மீண்டும் படித்த இரண்டு நூல்கள், மதுரைக்கு வடமேற்கே உள்ள வத்தலக்குண்டு தந்த இருவர் எழுதியவை. ஒன்று, 1893இல் விவேக சிந்தாமணியில் தொடராக வரத் தொடங்கிய ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. சிறுகுளத்து வீடுகளின் வம்புப் பேச்சும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையின் வித்வத் தோரணையும் வரும் முற்பகுதியில் நான் நேரம் போனதே அறியவில்லை; பிற்பகுதியில் கதை வேதாந்தத்தை நோக்கி ஏறும்போது, பழகிய மனிதர்கள் மெல்ல விலகிப்போனதாக உணர்ந்தேன். இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவரோ, தமக்கு அந்தப் பிற்பகுதியே ஜீவன் என்றார்; 1896இல் 'பிரபுத்த பாரத'த்தின் முதல் ஆசிரியராகி, 1898இல் தம் இருபத்தாறாம் வயதில் மறைந்துவிட்ட ஒருவர், தம் ஆத்மா தேடிய வழியை அந்த அத்தியாயங்களில்தான் எழுதி வைத்திருக்கிறார் என்பது அவர் கட்சி. என் அபிப்பிராயம் முற்றும் மாறிவிடவில்லை. ஆயினும் அதன்பின் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, மனிதர்கள் விலகிய இடத்தில் எழுதியவரின் தாகம் எனக்குத் தென்பட்டது. இருவர் ரசனை மாறுபட்டதனால் ஒரே நூல் எங்களுக்கு முன்னிலும் பெரிதாயிற்று.

மற்றொன்று சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. தந்தையைக் குத்திய காரிக் காளையை அணைய வந்து நிற்கும் பிச்சியின் பக்கமாகவே மனம் ஓடும். ஆனால் ஆசிரியர் மாட்டின் ரோஷத்தையும் மனிதனின் ரோஷத்தையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கிறார். காரி வாடிவாசலில் வந்து நிற்கும் இடத்தில் எனக்கு மெய் சிலிர்த்தது. இந்த ஒரு வரியைத் தவிர அந்த நூலுக்கு வேறு சிபாரிசு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்படிச் சாட்சி சொல்லுவதையே வாழ்க்கைத் தொண்டாகக் கொண்டவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். வண்ணார்பேட்டையில் தம் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டி, கம்பனின் ஒரு செய்யுளையே திரும்பத் திரும்பச் சொல்லி அதன் சுவையைக் கேட்போர் நெஞ்சில் இறக்கினார் ரசிகமணி டி.கே.சி. தாம் விரும்பிய நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, க. நா. சுப்ரமண்யம் 'படித்திருக்கிறீர்களா?' என்று ஒரு நூலே செய்தார். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய செல்லப்பாவோ, நூல்களை மூட்டையாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்றார். மூவர் ரசனையும் மூன்று விதம். தாம் உண்மையாக அனுபவித்ததை மறைக்காமல் சொன்ன துணிவு மூவருக்கும் பொது.

ஆகையால், நல்ல நூலைத் தேடுகிறவர் முதலில் தேட வேண்டியது நேர்மையான ஒரு வாசகரை. அவர் ரசனை நம்முடையதோடு ஒத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, அவர் தம் அனுபவத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுகிறவராக இருந்தால் போதும். பிறர் நம்மைக் கேட்கும்போது நாமும் அத்தகைய வாசகராக இருப்பதே இதற்குக் கைம்மாறு. மனம் தோயாத நூலைப் பலர் புகழ்கிறார்கள் என்பதற்காகத் தாமும் புகழ்கிறவர், கேட்டவரின் பொழுதை வீணாக்குவதோடு, தம் உள்ளத்தின் குரலையும் நாளடைவில் இழந்துவிடுகிறார். பெயர் அறியாத ஒரு சிறு நூல் நம்மை உருக்கியிருந்தால் அதைத் தயங்காமல் சொல்லுவோம். எழுதியவருக்கு அதைவிட உயர்ந்த பரிசு இல்லை, படிக்கப் போகிறவருக்கு அதைவிட நல்ல வழித்துணையும் இல்லை.